சர்வோவுக்கும் வேண்டும் ஸ்டெபிலைசர்



சூலூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வசிப்பவர்களுக்கு ஹெலிகாப்டர் ஓர் அதிசயப் பொருளல்ல. இந்திய விமானப்படையின் 'சாரங்' சாகசக் குழுவுக்குச் சூலூர்த் தளமே தாய்வீடு. சாரங் என்றால் மயில். 2004-இல் சிங்கப்பூர் விமானக் கண்காட்சியில் பறந்து காட்டிப் பெயர் பெற்ற இக்குழு, நம் நாட்டிலேயே உருவான 'துருவ்' ஹெலிகாப்டர்களைக் கொண்டது. தோட்டத்தில் ஒரு மயில், வானத்தில் ஒரு மயில் என்று பார்த்து வளரும் பிள்ளைகளுக்குத் தாமும் சிறியதாக ஒன்று செய்து ரேடியோ மூலம் இயக்கிப் பார்க்க ஆசை வருவது இயற்கையே.

ஆசை வந்தவர்கள் எதை விசாரிக்கிறார்கள்? மோட்டார் எவ்வளவு வலியது, விசிறி எவ்வளவு நீளம், ஜைரோ எந்தக் கம்பெனி என்றுதான். சர்வோவுக்கும் ஜைரோவுக்கும் மின்சாரம் எங்கிருந்து, எத்தனை வோல்ட்டில், எவ்வளவு நிலையாக வருகிறது என்னும் கேள்வி கடைசியில்தான் எழுகிறது. சில சமயம் ஹெலிகாப்டர் தரையில் விழுந்து நொறுங்கிய பிறகு எழுகிறது. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பதே என் கட்சி. கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு மின்வழங்கலுக்கு. உயர்ந்த ஜைரோவும் வலிய மோட்டாரும் அதன் பிறகு.

இது விளையாட்டுச் சாமான்தானே, இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். 70 சென்டிமீட்டர் அகலம் சுழலும் மேல்விசிறியை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 2,800 சுற்று சுழன்றால், இதழின் முனை விநாடிக்கு ஏறக்குறைய 103 மீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது மணிக்கு 370 கிலோமீட்டர். 2013-இல் நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியில் 19 வயது இளைஞர் ஒருவர் தம் சொந்த மாதிரி ஹெலிகாப்டரின் விசிறி பட்டு உயிரிழந்தார். அதற்கு மின்னழுத்தம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுப்பாடு ஒரு கணம் தவறினால் கையிலிருப்பது விளையாட்டுச் சாமான் அல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

மாதிரி ஹெலிகாப்டரில் பொதுவாக நான்கு சர்வோக்கள் உண்டு. மூன்று சர்வோக்கள் மேல்விசிறியின் அடியிலுள்ள தட்டை ஏற்றியும் இறக்கியும் சாய்த்தும் இதழ்களின் கோணத்தை மாற்றுகின்றன. நான்காவது வால்விசிறிக்கு. மேல்விசிறி ஒரு பக்கம் சுழன்றால் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே கண்ணுக்குத் தெரியும். உடலைச் சுழலவிடாமல் பிடித்து வைப்பதே வால்விசிறியின் வேலை. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர் தம் மாதிரி ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்டபோது இந்த வேலையைக் கட்டைவிரலே பார்க்க வேண்டியிருந்தது. அந்த விரலுக்கு ஒரு வணக்கம்! நமக்கு ஜைரோ வேண்டும். 1852-இல் ஃபூக்கோ 'ஜைரோஸ்கோப்' என்று பெயர் சூட்டியது சுழலும் சக்கரத்துக்கு. மாதிரி ஹெலிகாப்டர்களில் முதலில் வந்தவையும் குட்டிச் சக்கரங்கள்தாம். இன்றைய ஜைரோவில் சக்கரம் இல்லை. சிலிக்கனில் செதுக்கிய நுண்ணிய துண்டு ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. உடல் திரும்பும்போது கொரியோலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளப்பட்ட அளவைக் கொண்டு உடல் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அறிந்து, ஜைரோ வால் சர்வோவுக்குக் கட்டளை அனுப்புகிறது.

பெரிய துருவ் ஹெலிகாப்டரில் இதழ்களைத் திருப்புவதற்கு வேண்டிய பலம் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்திலிருந்து வருகிறது. மாதிரியில் அந்த வேலை முழுவதும் தீப்பெட்டி அளவுள்ள சர்வோவின் தலையில். எண்ணெய் அழுத்தம் துருவுக்கு எப்படியோ, மின்னழுத்தம் மாதிரிக்கு அப்படி.

மின்னழுத்தம் ஏன் குறைகிறது? கொங்கு நாட்டில் 'லோ வோல்டேஜ்' பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கிணற்று மோட்டாரைப் போட்டதும் மோட்டார் ரூமில் எரியும் பல்பு ஒரு கணம் மங்கி மீள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களைக் கேட்டால் என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நிற்கும் மோட்டாருக்குள் எதிர் மின்னியக்கு விசை கிடையாது. ஆகவே அது கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த மின்னோட்டம் நீண்ட கம்பியின் வழியே வரும்போது வோல்ட்டின் ஒரு பகுதி கம்பியிலேயே தீர்ந்துபோகிறது. வேகம் பிடித்தபின் மோட்டார் அடங்கிவிடும், பல்பும் தெளியும்.

சர்வோவுக்குள் இருப்பதும் மோட்டார்தான். ஆனால் கிணற்று மோட்டார் காலையில் ஒருமுறை கிளம்பினால் மணிக்கணக்கில் ஓடுகிறது. சர்வோ ஓடு, நில், திரும்பு, நில் என்று ஒரு விநாடிக்குள் பலமுறை ஆட்டுவிக்கப்படுகிறது. ஓயாமல் ஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும் மோட்டார் என்று அதைச் சொல்லலாம். வலிய டிஜிட்டல் சர்வோ ஒன்று சுமையில் முடங்கி நிற்கும்போது 2, 3 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்து ஒரே சமயத்தில் இழுக்கும் கணங்களும் உண்டு. (ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டார் லோ வோல்டேஜில் அதிக மின்னோட்டம் இழுத்துக் காயில் கருகும். சர்வோவிலுள்ள டி.சி. மோட்டார் கருகாது, சோர்ந்துவிடும். ஆகாயத்தில் சோர்வதும் ஆபத்தே.)

கணக்கைப் பார்ப்போம். 1.2 வோல்ட் தரும் நிக்கல் மின்கலங்கள் நான்கு, மொத்தம் 4.8 வோல்ட். மின்கலங்களின் அகமின்தடை, சுவிட்சு, இணைப்பிகள், கம்பி எல்லாம் சேர்ந்து 0.15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் எஞ்சுவது 4.65 வோல்ட், கவலையில்லை. 6 ஆம்பியர் இழுத்தால் 3.9 வோல்ட். அதே மின்கலங்கள் பழசாகி மொத்த மின்தடை 0.25 ஓம் ஆனால்? 3.3 வோல்ட்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அலைவாங்கிகள் பலவற்றுக்குச் சுமார் 3.5 வோல்ட் எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் உள்ளேயிருக்கும் நுண்செயலி மயங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த 0.1 ஓம் வேறுபாடு, களிம்பேறிய ஒரு சிறு சுவிட்சுக்குள் அடங்கிவிடும் என்பதுதான் இதில் வேடிக்கை.

மின்னழுத்தம் தாழ்ந்திருப்பது விநாடியில் நூறில் ஒரு பங்குதான். ஆனால் மயங்கிய அலைவாங்கி விழித்தெழ அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். ஜைரோவின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலான ஜைரோக்கள் மின்சாரம் கிடைத்தவுடன் சில விநாடிகள் அசையாமல் இருந்து, 'அசைவின்மை' இதுதான் என்று பதிவு செய்துகொள்கின்றன. அதனால்தான் சுவிட்சைப் போட்டவுடன் ஹெலிகாப்டரைத் தொடாதே என்கிறார்கள். நடுவானில் சுழன்றுகொண்டிருக்கும்போது ஜைரோ மறுபடி தொடங்கினால் எதை அசைவின்மை என்று எழுதிக்கொள்ளும்? சிலவகை ஜைரோக்கள் அந்தச் சுழற்சியையே பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். வேறுசில வேலை செய்யவே மறுத்துவிடும். இரண்டிலும் வால் நம் கையில் இல்லை.

பிளஸ் டூ பாடத்தில் அகமின்தடை வருகிறது. ஆனால் பாடநூல் கணக்கில் மின்னோட்டம் எப்போதும் ஒரே அளவாக அமைதியாக ஓடுகிறது. அதனால்தான் அகமின்தடை இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். ஒரு பழைய டார்ச் மின்கலத்தையும் ஒரு சர்வோவையும் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னால், அந்தப் பாடத்தை யாரும் மறக்கமாட்டார்கள்.

"அப்படியானால் வோல்ட்டை ஏற்றிவிட்டால் போயிற்று! கொஞ்சம் இறங்கினாலும் மிச்சம் இருக்குமே" என்று சொல்பவர்கள் உண்டு. இப்போது லித்தியம்-பாலிமர் மின்கலம் கிடைக்கிறது. ஒரு கலம் 3.7 வோல்ட், முழுக்க ஏற்றினால் 4.2. இரண்டைச் சேர்த்து 8.4 வோல்ட்டை நேராகச் சர்வோவுக்குக் கொடுத்தால் அது பறக்கிறது என்று மகிழ்கிறார்கள். அந்த அழுத்தத்துக்கென்றே செய்த சர்வோவானால் சரி. 4.8 முதல் 6 வோல்ட் என்று அச்சிட்ட சர்வோவுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? முடங்கி நிற்கும் மோட்டாரில் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் பெருகும். 6 வோல்ட்டுக்கும் 8.4 வோல்ட்டுக்கும் உள்ள விகிதம் 1.4, அதன் இருமடி 1.96. அதாவது வெப்பம் இரட்டிப்பு. வால் சர்வோவோ ஜைரோவின் கட்டளையால் ஓய்வே இல்லாமல் உழைப்பது. மற்றச் சர்வோக்கள் 6 வோல்ட் தாங்கும் காலத்திலும், ஜைரோவோடு சேர்த்து விற்ற விரைவான வால் சர்வோக்கள் சில 4.8 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. ஆகவே ஜைரோவுக்கும் வால் சர்வோவுக்கும் நடுவே, சிவப்புக் கம்பியில், 5.1 வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் 'ஸ்டெப்-டவுன்' ஒன்றைச் செருகும் பழக்கம் வந்தது. பழைய சர்வோவை வாங்கிப் பயன்படுத்தும் மாணவர்கள் இதை மறக்கக் கூடாது.

அதற்குப் பதிலாக இரண்டு சிலிக்கன் டையோடுகளைத் தொடராக இணைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். டையோடு ஒன்று 0.7 வோல்ட் குறைக்கும் என்பது பாடநூல் வாக்கு. உண்மையில் அது மின்னோட்டத்தைப் பொறுத்தது. மிகச் சிறிய மின்னோட்டத்தில் 0.6, சில ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட்டை நெருங்கும். எப்போது சர்வோவுக்கு வலிமை வேண்டுமோ அப்போதுதான் அதிகம் குறைக்கும் என்றால், அதை எப்படி நல்ல ஏற்பாடு என்பது? அவசரத்துக்கு ஆகும், அவ்வளவே.

இங்கேதான் என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஜைரோவுக்கும் சர்வோவுக்கும் வேண்டியது உயர்ந்த மின்னழுத்தம் அல்ல, மாறாத மின்னழுத்தம்.

ஏன் தெரியுமா? ஜைரோவும் வால் சர்வோவும் சேர்ந்து ஒரு பின்னூட்ட வளையம். வால் இடப்பக்கம் போனால் ஜைரோ உணர்கிறது, சர்வோ திருத்துகிறது, வால் திரும்புகிறது, ஜைரோ மறுபடி உணர்கிறது. எவ்வளவு விலகலுக்கு எவ்வளவு திருத்தம் என்பதை நாம் அமைக்கும் 'கெயின்' முடிவு செய்கிறது. அந்த அளவைச் சர்வோவின் வேகத்துக்குத் தக்கபடிதான் அமைக்க முடியும். 6 வோல்ட்டில் 60 பாகை திரும்ப 0.10 விநாடி எடுக்கும் சர்வோ, 4.8 வோல்ட்டில் 0.12 விநாடி எடுக்கும். வேறுபாடு 0.02 விநாடிதானே என்று அலட்சியம் செய்யக் கூடாது. ஆடி நோம்பிக்குத் தூரி கட்டி ஆடியவர்களுக்குத் தெரியும்: ஆடும் தூரியை நிறுத்த நினைப்பவன் சரியான கணத்தில் தடுத்தால் அது நிற்கும், நேரம் தவறித் தள்ளினால் இன்னும் வேகமாக ஆடும். சர்வோ தாமதமாகிவிட்டால் ஜைரோவின் திருத்தமும் நேரம் தவறிய தள்ளலாகிவிடுகிறது. வால் இடமும் வலமும் வெடவெடக்கத் தொடங்கும். புதிதாக ஏற்றிய மின்கலத்தோடு கெயினை அமைத்துவிட்டு, ஐந்தாம் நிமிடம் வால் ஆடுகிறதே, ஜைரோ கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்கள். ஜைரோ மீது குற்றமில்லை. இரட்டை லித்தியம் மின்கலம் 8.4 வோல்ட்டில் தொடங்கி, பறந்து முடியும்போது 7.2-க்கு வந்துவிடுகிறது. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. அளவுகோலே சுருங்கிக்கொண்டு போகும்போது அளவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஆகவே நடுவில் ஒரு சீராக்கி வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைக்கிறோம் அல்லவா, அதேபோல. மாதிரி ஹெலிகாப்டர் வட்டாரத்தில் இதை 'பி.இ.சி.' என்று அழைக்கிறார்கள். அலைவாங்கிக்குத் தனி மின்கலம் வைக்கும் தேவையை ஒழித்த சுற்று என்பது அந்தப் பெயரின் பொருள். அதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று, மிகுதி வோல்ட்டை வெப்பமாக எரித்துத் தள்ளும் நேரியல் வகை. ஆறு லித்தியம் கலங்களின் 22.2 வோல்ட்டை இவ்வகையால் 6 வோல்ட்டுக்கு இறக்கி 2 ஆம்பியர் எடுத்தால், வீணாகும் திறன் 16.2 × 2 = 32.4 வாட். 25 வாட் சாலிடரிங் அயர்னைவிட அதிகம்! அதைச் சுருக்குக் குழாயில் சுற்றி ஹெலிகாப்டருக்குள் வைப்பது தகுமா? மற்றது, விநாடிக்குப் பல ஆயிரம் முறை சுவிட்சைப்போல் மூடித் திறந்து சுருளின் வழியே சக்தியை மாற்றும் 'ஸ்விட்சிங்' வகை. வெப்பம் மிகக் குறைவு. ஹெலிகாப்டருக்கு இதுவே ஏற்றது. வாங்கும்போது தொடர்ந்து தரக்கூடிய ஆம்பியரைக் கேளுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் கணநேர உச்ச அளவு. இன்னொன்று, வோல்ட்டை இறக்கித் தரும் இந்தச் சீராக்கிகளுக்கு உள்ளே வரும் வோல்ட், வெளியே போகும் வோல்ட்டைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். இரட்டை லித்தியத்திலிருந்து 7.4 வோல்ட்டை நிலையாக எடுக்க முடியாது. 6 வோல்ட்டைத் தாராளமாக எடுக்கலாம். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் நான் 6 வோல்ட்டுக்கே ஓட்டுப் போடுவேன்.

பெரிய மின்தேக்கி ஒன்றை அலைவாங்கியில் செருகிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. 4,700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 1 வோல்ட் இறங்குவதற்குள் 10 ஆம்பியரை எவ்வளவு நேரம் தாங்கும்? 0.0047 × 1 ÷ 10 = 0.00047 விநாடி. அரை மில்லிவிநாடி கூட இல்லை. கூரான சிறு பள்ளங்களை அது நிரப்பும். சர்வோ சட்டென்று நிற்கும்போது அதன் மோட்டார் ஜெனரேட்டராக மாறித் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் ஓரளவு விழுங்கிக்கொள்ளும். ஆகவே வைப்பது நல்லதே. ஆனால் வற்றிய கிணற்றுக்குக் குடம் ஈடாகாது.

கம்பியும் கவனத்துக்குரியது. அமெரிக்க அளவுப்படி 26-ஆம் எண் கம்பிக்கு மீட்டருக்கு 0.134 ஓம். 30 சென்டிமீட்டர் நீளச் சர்வோ கம்பியில் மின்னோட்டம் போய்த் திரும்புவதால் 60 சென்டிமீட்டர், 0.08 ஓம். 3 ஆம்பியரில் கால் வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. வாலில் பொருத்திய சர்வோவுக்கு நீட்டிப்புக் கம்பி போட்டால் அரை வோல்ட். பருத்த கம்பி சில கிராம் கனம். அதைச் சுமக்கத் தயங்க வேண்டாம்.

பெரிய விமானங்களில் இதையெல்லாம் யாரும் அதிர்ஷ்டத்துக்கு விடுவதில்லை. அமெரிக்க ராணுவத்தின் 'மில்-ஸ்டாண்டர்டு 704' என்னும் விதித்தொகுப்பு, 28 வோல்ட் என்று பெயர் பெற்ற நேர்மின் வழங்கல் இயல்பான நிலையில் 22-க்குக் கீழும் 29-க்கு மேலும் போகக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. எத்தனை வோல்ட் என்று சொன்னால் மட்டும் போதாது, எதுவரை ஆடலாம் என்றும் சொல்ல வேண்டும் என்பது இதன் உட்பொருள். மாதிரி செய்யும் மாணவனும் தன் நோட்டில் அப்படி இரண்டு எண்களை எழுதிக்கொள்ளலாம்: 6.0 வோல்ட், 5.5-க்குக் கீழே போகக் கூடாது.

சூலூர் மாணவர்களுக்கு ஒரு சொல். விமானப்படைத் தளத்தின் சுற்றுவட்டாரத்தில் அனுமதியில்லாமல் எந்த ஆளில்லா வானூர்தியையும் பறக்கவிடக் கூடாது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. வரைபடத்தைப் பார்த்து, பெரியவர் துணையோடு, அனுமதியுள்ள இடத்துக்குப் போய்த்தான் பறக்கவிட வேண்டும். ஆனால் மேசை மீது நடக்கும் சோதனைக்கு எந்தத் தடையும் இல்லை. பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் விசிறி இதழ்களைக் கழற்றிவிட்டு, பெரிய மோட்டாரின் மூன்று கம்பிகளையும் பிரித்துவிடுங்கள். இது பேச்சுக்கு இடமில்லாத விதி. பின்பு நான்கு சர்வோக்களையும் ஒரே நேரத்தில் கோலை ஆட்டி வேகமாக இயக்குங்கள். இன்னொருவர் சர்வோவின் கையை விரலால் லேசாகத் தடுத்துச் சுமை கொடுக்கட்டும். மல்டிமீட்டரை அலைவாங்கியில் காலியாக உள்ள இணைப்பில் வையுங்கள். மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். சில மில்லிவிநாடிப் பள்ளம் அதன் கண்ணுக்குப் படாது. பள்ளியில் டிங்கரிங் ஆய்வுக்கூடம் இருந்தால் அங்கே ஆர்டுயினோ பலகை இருக்கும். அதற்கு மடிக்கணினியிலிருந்து தனி மின்சாரம் கொடுத்து, தரைக்கம்பியை மட்டும் பொதுவாக இணையுங்கள். சமமான இரண்டு மின்தடைகளால் வோல்ட்டைப் பாதியாக்கி அதற்குள் அனுப்பி, விநாடிக்கு ஆயிரம் முறை அளந்து, மிகக் குறைந்த எண்ணை மட்டும் திரையில் காட்டச் செய்யுங்கள். இருபது வரி நிரல் போதும். அதுவும் இல்லையென்றால் பக்கத்துக் கல்லூரியின் இயற்பியல் துறைக்கு ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஆசிலோஸ்கோப் இல்லாத துறை அபூர்வம். பள்ளிப் பிள்ளைகள் கேள்வியோடு வந்தால் விரட்டும் ஆசிரியரும் அபூர்வம்.

திரையில் வரும் எண் 5.5-க்குக் கீழே போனால் உடனே கடைக்கு ஓடிப் புதுச் சீராக்கி வாங்காதீர்கள். முதலில் சுவிட்சை விலக்கி நேரடியாக இணைத்து அளந்து பாருங்கள். அடுத்துக் கம்பியை மாற்றிப் பாருங்கள். பிறகு மின்கலம். எதை மாற்றியபோது எண் எவ்வளவு ஏறியது என்று வரிசையாக எழுதி வையுங்கள். மின்தடை எங்கே ஒளிந்திருந்தது என்பதை அந்தப் பட்டியலே காட்டிக் கொடுத்துவிடும்.